பிடித்ததைச் சாப்பிடட்டும்

ஆஸ்பத்திரியில் டாக்டர் நோயாளியை உள்ளேயே விட்டுவிட்டு, கூட வந்தவரை மட்டும் வெளியே கூப்பிட்டால், எங்கள் தீவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். சாகப்போகிறவரிடம் அவர் சாகப்போவதை யாரும் சொல்வதில்லை. அப்படிச் சொல்வது கழுத்தை நெரிப்பதற்குச் சமம். வீட்டாரைத் தாழ்வாரத்துக்கு அழைத்துச் சொல்வார்கள். வீட்டார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு உள்ளே வந்து, "வயித்துப் புண்ணுதானாம், மருந்து குடிச்சா சரியாயிடுமாம்" என்பார்கள்.

லுவாவுக்கு அந்தத் தாழ்வாரம் புதிதல்ல. கல்யாணத்துக்கு முன்பு, தன் அப்பாவைப் படகில் ஏற்றிக் கரையிலுள்ள நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவள் அவள்தான். அவளை வெளியே கூப்பிட்டார்கள். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. பிடிச்சதைச் சாப்பிடட்டும்" என்றார்கள். அந்த வார்த்தைக்குப் பிறகு கேட்பதற்கு எதுவும் மிச்சமிருக்காது. பத்தியம் சொல்லப்பட்டவனுக்கு இன்னும் நாள் இருக்கிறது. எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று விடப்பட்டவனுக்கு இல்லை. அடுத்த பருவத்துக்கு எந்த வயலில் பூண்டு போடலாம் என்று பேசிக்கொண்டே, மகள் ஊட்டிய கஞ்சி வாயில் இருக்கும்போதே அவர் கண்ணை மூடினார். கடைசிவரை அவரிடம் சிரித்துக்கொண்டே பொய் சொன்னவள் லுவா.

அதனால்தான் இவ்வளவும் நடந்தது.

லுவாவின் கணவன் கியெம் கடலட்டை எடுக்க மூழ்குகிறவன். படகில் ஓடும் கம்ப்ரசரின் காற்றுக் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பில் ஈயக்கட்டிகளோடு, பாறைத் திட்டுகளுக்கு அடியில் நடந்து திரிகிறவன். நெஞ்சு பீப்பாய் மாதிரி இருக்கும். வாயும் அப்படித்தான். அவனுடைய அண்ணனும் அதே தொழில். ஒருநாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்து, படகில் ஏறி, சிகரெட் கேட்டு, கையில் வாங்குவதற்குள் விழுந்து இறந்துபோனார். அதற்கடுத்த பருவத்தில் கியெமுக்கும் படகில் ஒரு தடவை தலை சுற்றி வாந்தி வந்தது. படகின் சொந்தக்காரர் பயந்துவிட்டார். வீட்டில் ஆறாவதாகப் பிறந்தவர் என்பதால் ஊருக்கே அவர் ஆறு சித்தப்பா.

"நெஞ்சை ஸ்கேன் எடுத்துக் காட்டாம என் படகுல கால் வைக்காத" என்றார்.

"என் நெஞ்சுல என்ன சித்தப்பா இருக்கும், உங்க படகு டீசல் புகைதான்" என்றான் கியெம். ஆனாலும் போனான்.

அந்த அறை சின்னது. கியெம் சட்டையில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து நெஞ்சில் தடவிய பசையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அடுத்ததாக வந்த கிழவி அதற்குள் கட்டிலில் ஏறி ரவிக்கைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்துவிட்டாள். நிற்கக்கூட இடமில்லை. டாக்டர் தொவா என்ற அந்த இளம்பெண் லுவாவைப் பார்த்து, "நீங்க அவர் மனைவிதானே? கொஞ்சம் வெளியே வாங்க" என்றாள்.

இடம் போதாமல் கூப்பிட்டாள். லுவாவுக்கு அது தெரியாது.

"குடும்பத்துல யாராவது திடீர்னு இறந்திருக்காங்களா?"

"அவரோட அண்ணன். படகுல."

டாக்டர் யோசித்தாள். "பயப்பட ஒண்ணும் இல்லம்மா. இதயத்துல இடப்பக்கம் உள்சதை கொஞ்சம் மடிப்பு மடிப்பா தெரியுது, கடற்பஞ்சு மாதிரி. நிறையப் பேருக்கு அப்படித்தான் அமைஞ்சிருக்கும். கடுமையா உழைக்கிறவங்களுக்குக் கொஞ்சம் கூடவே இருக்கும். இதயம் நல்லாத்தான் அடிக்குது. அண்ணன் விஷயம் சொன்னதால, ஒரு வருஷம் கழிச்சு இன்னொரு தடவை பார்த்துடலாம்."

"ஒரு வருஷம்."

"ஆமா."

"சாப்பாட்டுல எதையாவது நிறுத்தணுமா டாக்டர்?"

டாக்டர் சிரித்தாள். "எதுக்கு? பிடிச்சதைச் சாப்பிடட்டும்."

லுவா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பயப்பட ஒன்றுமில்லை என்று அப்பாவுக்கும் சொன்னார்கள். நல்ல வார்த்தை எல்லாம் சொல்லி, ஒரு வருஷம் என்று கெடுவும் சொல்லி, கடைசியில் அந்த வார்த்தையையும் சொல்லியாயிற்று. அவள் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்து, உதட்டை இழுத்துச் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"என்னவாம்?"

"காதுச் சவ்வு மெலிசா இருக்காம். ஒரு வருஷம் தண்ணிக்குள்ள போகக்கூடாதாம்."

"நெஞ்சுல பசையைத் தடவி காதைப் பார்த்தாங்களா?"

"பெரிய மெஷின் குயென் அப்பா. அதுக்கு எல்லாம் தெரியும்."

குயென் அவர்களுடைய ஒரே மகள். லுவா கணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, எங்கள் பக்கம் பெண்கள் கூப்பிடுவதும் இல்லை. அன்று படகில் திரும்பும்போது "குயென் அப்பா" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு எதுவும் சொல்லாமல் இருந்தாளாம். இன்னும் ஒரு வருஷம்தான் அந்தப் பெயரைக் கூப்பிட முடியும் என்று நினைத்தாளோ என்னவோ.

அவள் ஆறு சித்தப்பாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள், அவனைப் படகில் ஏற்றிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. சித்தப்பா தன் மனைவியிடம் மட்டும் சொன்னார். அந்த அம்மா சந்தையில் ஒருத்தியிடம் மட்டும் சொன்னாள். தீவு முழுவதும் தெரிந்துபோயிற்று, கியெம் ஒருவனைத் தவிர.

செய்தி பரவும் முன்பு ஆண்கள் அவனைக் கிண்டல் செய்தார்கள். "என்ன கியெம், பூண்டு உரிச்சாச்சா? பொண்டாட்டி துணியைக் காயப்போட்டாச்சா?" என்று காப்பிக்கடையில் சிரித்தார்கள். அவனும், "உரிச்ச பூண்டை உன் மூக்குல சொருகட்டுமா" என்று திருப்பிக் கொடுத்தான். பிறகு ஒருநாள் அந்தக் கிண்டல் சட்டென்று நின்றது. அவன் உள்ளே வந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். காப்பிக்குக் காசு வாங்கவில்லை. யாராவது நல்ல மீன் பிடித்தால் அவன் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள்.

அந்த வருஷம் பூண்டு வயலுக்குப் புது மணல் போட வேண்டியிருந்தது. எங்கள் தீவில் செம்மண்ணுக்கு மேலே வெள்ளைப் பவள மணலைப் பரப்பித்தான் பூண்டு நடுவோம். பழைய மணலை வாரி எறிந்துவிட்டு, கடற்கரையிலிருந்து புது மணலைக் காவடிக் கம்பில் தூக்கி மேட்டு வயலுக்கு ஏற்ற வேண்டும். எப்போதும் கியெம்தான் தூக்குவான். அந்த வருஷம் லுவா தூக்கினாள்.

சிறு வயதில் முழங்கால் வீங்கிப் பல நாள் காய்ச்சலில் கிடந்தவள் அவள். அதற்குப் பிறகு மேடு ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்கும். தன் உடம்பு அப்படி என்று விட்டுவிட்டாள். யாரும் அவளை எந்த மெஷினிலும் படுக்க வைத்துப் பார்த்ததில்லை. இப்போது பாதி மேட்டில் கூடைகளை இறக்கிவைத்து, கம்பில் நெற்றியை முட்டுக்கொடுத்து நிற்பாள். உதடு நீலமாகியிருக்கும். யாராவது பார்த்தால், "வெயில்" என்பாள். சாயங்காலத்தில் அவள் பாதத்தில் செருப்பு வார் அழுந்திய தடம் குழியாக நிற்கும்.

ஒருநாள் கியெம் ஓடிவந்து கம்பைப் பிடுங்கினான். "கொடு இங்க. காது மெலிசா இருந்தா தோளுமா மெலிசாயிடும்?"

லுவா மணலிலேயே உட்கார்ந்து ஓலமிட்டு அழுதாள். கம்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு விடவில்லை. வயல்களில் நின்றவர்கள் எல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். கியெம் வெட்கப்பட்டுக் கம்பை விட்டுவிட்டான்.

வீட்டிலோ அவனுக்குப் பிடித்ததுதான் தினமும் சமைத்தாள். கடல் முள்ளெலிக் கஞ்சி, இளம்பூண்டுத் தாளைத் தாளித்த கூட்டு, ஊமச்சி நத்தை. மூன்று பேருக்கும் போதாதபோது அவளுக்குப் பசியில்லை என்பாள். சும்மா இருக்கும் ஆண்பிள்ளைக்கு மனைவியின் அன்பு பாரமாகிவிடும். அவன் அரிசிச் சாராயம் குடிக்க ஆரம்பித்தான். ஆறு சித்தப்பா அடிக்கடி மீன் கொண்டுவருவது அவன் கண்ணை உறுத்தியது.

"அந்தக் கெழவன் உனக்கு எதுக்கு மீன் குடுக்கறான்?"

"நமக்குத்தான் குடுக்கறார்."

"என்னைப் படகுல ஏத்தமாட்டான். என் வீட்டுக்கு மட்டும் வருவான். காது, சவ்வுன்னு என்கிட்டக் கதை கட்டினது யாரு, நீயா அவனா?"

அவன் கைக்கிண்ணத்தைத் தூக்கி எறிந்தான். அது சுவரில் பட்டு உடைந்து, ஒரு துண்டு தெறித்து அவள் புருவத்தைக் கிழித்தது. அவள் துணியால் ரத்தத்தை அழுத்திக்கொண்டே வேறு கிண்ணத்தில் கஞ்சி ஊற்றி வைத்தாள். "ஆறிடும், சாப்பிடு" என்றாள். குயென் அறை மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் கியெம் நேராகக் காப்பிக்கடைக்குப் போனான். ஆறு சித்தப்பா சீனச் சதுரங்கப் பலகையை விரித்து உட்கார்ந்திருந்தார். அந்த விளையாட்டில் அவர் பெற்ற மகனுக்கே விட்டுக்கொடுக்காதவர்.

"வா, ஒரு ஆட்டம்" என்றார்.

கியெம் முதல் ஆட்டம் ஜெயித்தான். இரண்டாவதும் ஜெயித்தான். அவன் கை நின்றது. மூன்றாவது ஆட்டத்தில் வேண்டுமென்றே தன் ராஜாவை அவருடைய தேருக்கு எதிரே, வெட்டவெளியில் நகர்த்தி வைத்தான். சின்னப் பிள்ளைகூட எடுத்துவிடும். சித்தப்பா பலகையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மூலையிலிருந்த ஒரு சிப்பாயை நகர்த்தினார்.

"சித்தப்பா, என் ராஜா வாசல்ல நிக்கறான்."

"கண்ணு சரியாத் தெரியலப்பா."

கியெம் தலை நிமிர்ந்து சுற்றிப் பார்த்தான். பக்கத்து மேஜைகளில் எல்லோரும் காப்பி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிண்டல் ஏன் நின்றது, மீன் ஏன் வந்தது, மெஷின் ஏன் நெஞ்சில் ஊர்ந்தது, மனைவி ஏன் ஆஸ்பத்திரி அறையிலிருந்து வெளியே போய் வந்தாள் என்பதெல்லாம் அவனுக்கு அந்த நொடியில் விளங்கின. அவனும் இந்தத் தீவில் பிறந்தவன்தானே. சாகக் கிடந்த அண்டை வீட்டுக் கிழவர்களுக்கு அவனே எத்தனையோ ஆட்டம் தோற்றிருக்கிறான்.

அவன் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் லுவாவின் புருவத்தில் இருந்த காயத்துக்கு மருந்து வைத்தான். அவன் தெரிந்துகொண்டான் என்று தெரிந்தால் அவள் உடைந்துபோவாள். அதனால் தெரியாதவன் மாதிரியே இருந்தான். சாராயத்தை விட்டான். "காது இப்பப் பரவாயில்ல" என்பான். "அடுத்த வருஷம் முழுகலாம்" என்பாள் அவள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். அவர்கள் கல்யாண வாழ்க்கையில் அவ்வளவு அன்பாக இருந்த காலம் வேறு கிடையாது என்று குயென் பின்னால் சொன்னாள். மணலை மட்டும் லுவாவே தூக்கினாள். மேட்டில் அவள் கண் முன்னால் விழுந்து செத்துவிடுவோமோ என்று பயந்து அவன் கூடையைத் தொடவில்லை.

விழுந்தவள் லுவா. கடைசி வயலுக்கு மணல் ஏறிக்கொண்டிருந்தபோது, மேட்டுப் பாதையில் கூடைகள் இரண்டு பக்கமும் கவிழ, நடுவில் முகம் குப்புறக் கிடந்தாள். வாயில் இளஞ்சிவப்பாக நுரை. ஆறு சித்தப்பாவின் படகில்தான் கரைக்குக் கொண்டுபோனார்கள்.

அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர். மெஷினை வைத்துப் பார்த்துவிட்டு டாக்டர் தொவா கியெமை வெளியே கூப்பிட்டாள். இந்தத் தடவை அது அந்த அர்த்தம்தான். சிறுவயதுக் காய்ச்சலில் இதயத்து வால்வு ஒன்று சுருங்கிப்போயிருக்கிறது, பாரம் தூக்கித் தூக்கி நுரையீரல் முழுக்கத் தண்ணீர் தேங்கிவிட்டது, கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றாள்.

கியெம் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டான். "நானும் போயிடுவேனே டாக்டர். என் பொண்ணை யாரு பார்ப்பா?"

"நீங்க எங்க போறீங்க?"

"எனக்குத் தெரியும். ஒரு வருஷம்னு சொன்னீங்களாமே."

டாக்டருக்குப் புரியவே நேரம் பிடித்தது. புரிந்ததும் அவள் முகத்தில் ரத்தம் இல்லை. "உங்களுக்கு ஒண்ணுமே இல்லீங்க. கடலடியில மணல் வரி வரியா இருக்குமே, பார்த்திருப்பீங்க. ஒரு இடத்துல வரி அதிகமா இருக்கும், ஒரு இடத்துல குறைச்சலா இருக்கும். அது வியாதியா? உங்க இதயமும் அப்படி. நான் அன்னிக்கே அவங்ககிட்டச் சொன்னேனே."

"பிடிச்சதைச் சாப்பிடட்டும்னும் சொன்னீங்களா?"

டாக்டர் தொவா வாயைப் பொத்திக்கொண்டாள்.

கியெம் உள்ளே ஓடினான். லுவா ஆக்சிஜன் முகமூடிக்குள் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"குயென் அம்மா, எனக்கு ஒண்ணும் இல்லையாம். என் நெஞ்சு நல்லா இருக்காம். டாக்டர் இப்பத்தான் சொன்னாங்க."

லுவா சிரித்தாள். "அப்படித்தான் சொல்வாங்க."

"சத்தியமா. உன் தலைமேல அடிச்சுச் சொல்றேன்."

அவள் கையைத் தூக்கி அவன் கன்னத்தைத் தடவினாள். பொய் சொல்லும் பிள்ளையைத் தடவுகிற மாதிரி. "எனக்கு என்னவாம்?"

அவனுக்கு வேறு வார்த்தை வரவில்லை. "களைப்புதானாம். ஓய்வெடுத்தா சரியாயிடுமாம்."

"பிடிச்சதைச் சாப்பிடச் சொன்னாங்களா?"

அவன் வாய் திறக்கவில்லை. அவளுக்கு அது போதும்.

"சரி. நான் முன்னால போய் இடம் பிடிச்சு வைக்கறேன். நீ அவசரப்படாத. குயெனைக் கட்டிக்குடுத்துட்டு வர முடியுமான்னு பாரு."

மறுநாள் விடிந்ததும் அவள் போய்விட்டாள். தன் கணவன் பிழைத்திருப்பான் என்பதைக் கடைசி மூச்சுவரை அவள் நம்பவில்லை. அவளுடைய சாவுக்கு வந்தவர்கள் துக்கத்துக்குத் தலையில் வெள்ளைத் துணி கட்டியிருந்த கியெமைப் பார்த்து, அடுத்து இவன் என்று அழுதார்கள். "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று அவன் சொன்னான். எல்லோரும் தலையாட்டினார்கள். யாரும் நம்பவில்லை.

சில சமயம் அவனுக்கே நம்ப இஷ்டமில்லை. நெஞ்சு கெட்டுப்போயிருந்தால் லுவா சுமந்த மணலுக்கு ஒரு அர்த்தம் இருக்கும்.

அவளுடைய முதல் திவசத்துக்குக் கொஞ்சம் முன்னால், குயென் பள்ளிக்கூடப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கியெம் அவளை அதே அறைக்குக் கொண்டுபோனான். டாக்டர் தொவா மெஷினைப் பொறுமையாக ஓட்டிப் பார்த்தாள். முடித்துவிட்டு எழுந்து, கை கழுவக் கதவுப் பக்கம் திரும்பினாள்.

"எங்கேயும் போகாதீங்க டாக்டர்" என்றான் கியெம். "எதுவா இருந்தாலும் இங்கேயே சொல்லுங்க. அவ முன்னாடி. நான் வெளியே வரமாட்டேன்."

டாக்டர் திரும்பி வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "குயென், உன் வால்வு எல்லாம் சுத்தமா இருக்கு. உள்சதை மட்டும் அப்பா மாதிரி மடிப்பு மடிப்பா இருக்கு. மூக்கு அப்பா மாதிரி இருக்கறதில்லையா, அந்த மாதிரி. நெஞ்சு அடைச்சது துக்கத்துல."

குயென் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். "அப்பாவுக்கும் இப்படித்தான் சொன்னீங்க. அம்மா நம்பல."

டாக்டர் மெஷினை அணைத்தாள்.

"நான் என்ன சாப்பிடலாம்?" என்று அவள் கேட்டாள்.

கியெம் டாக்டரைப் பார்த்தான். டாக்டரும் அவனைப் பார்த்தாள்.

"கருவாடு கூடாது" என்றாள் டாக்டர் தொவா, கண்டிப்பான குரலில். "உப்பு மீன் சாறு சோத்துக்குத் தொட்டுக்கற அளவுதான். பொரிச்சது வேண்டாம். பொட்டலத்து நூடுல்ஸ் சுத்தமா கூடாது. இனிமே ரொம்ப வருஷம் இந்த உடம்போட இருக்கப்போற, இப்பவே பழகிக்க."

குயென் எழுந்து உட்கார்ந்தாள். "மீன் சாறு இல்லாம சோறு எப்படி இறங்கும்?"

"இறங்கும்."

"நூடுல்ஸ் வாரத்துக்கு ஒரு தடவை?"

"கூடாதுன்னா கூடாது."

அம்மா போன பிறகு அவள் எதற்காகவாவது பேரம் பேசியது அன்றுதான். கியெம் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான். அவன் தோள் குலுங்குவதைப் பார்த்து அடுத்த நோயாளி, ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டினாள்.

திரும்பும் படகில் ஒருத்தி சுட்ட கணவாய்க் கருவாட்டைத் தட்டில் வைத்து விற்றுக்கொண்டு வந்தாள். குயென் அப்பாவைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான். "டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்காங்க." அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

தீவு கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்ததும், கியெம் மெதுவாகக் கேட்டான். "திவசத்துக்கு அம்மாவுக்குப் பிடிச்சதைப் படைக்கணும். அம்மாவுக்கு என்ன பிடிக்கும்?"

குயென் யோசித்தாள். படகு துறையை நெருங்கும்வரை யோசித்தாள்.

"தெரியலப்பா" என்றாள். "உனக்குப் பிடிச்சதைத்தான் அம்மா சமைப்பாங்க."